காசு கொடுத்து வாங்கிய 'ரகசியத் தகவல்' எட்கரில் இலவசமாகவே கிடந்தது

அமெரிக்கச் சந்தையில் பட்டியலான ஒரு சின்ன மருந்து நிறுவனத்தின் பங்கை வாங்கி, போட்டதில் பாதிக்கு மேல் இழந்தேன். பங்கு என்றால் ஏறும், இறங்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. அதை வாங்கச் சொன்ன ஆய்வுச் சேவை செய்த வேலையைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டியிருந்தேன்.

"நிறுவனத்தின் இயக்குநர்களே அள்ளிக் குவிக்கிறார்கள், வெளியே யாருக்கும் தெரியாது" என்று ஒரு அறிக்கை அனுப்பினார்கள். ஐந்து இயக்குநர்களின் பெயர், தேதி, பங்குகளின் எண்ணிக்கை எல்லாம் அட்டவணையாக இருந்தது. உள்ளே இருப்பவர்களே வாங்கும்போது நமக்கென்ன பயம் என்று நானும் வாங்கினேன். மூன்றே வாரத்தில் நிறுவனம் சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்குப் புதுப் பங்குகளை வெளியிட்டது. விலை சரிந்தது.

அதற்கு அப்புறம்தான் எட்கர் பக்கம் போனேன். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் தளம் அது. கணக்குத் தொடங்க வேண்டாம், காசும் வேண்டாம், நிறுவனத்தின் பெயரை அடித்தால் போதும். இயக்குநர்களும் உயர் அதிகாரிகளும் தங்கள் நிறுவனப் பங்கை வாங்கினாலோ விற்றாலோ, பொதுவாக இரண்டு வேலை நாட்களுக்குள் படிவம் 4 தாக்கல் செய்தாக வேண்டும். எனக்கு வந்த 'ரகசிய' அட்டவணை அந்தப் படிவங்களிலிருந்து அப்படியே எடுத்தது.

அப்படியே என்று சொல்வதும் தவறு. அட்டவணையின் இரண்டு பத்திகளை, அதாவது நெடுவரிசைகளை, வெட்டிவிட்டிருந்தார்கள்.

படிவம் 4-இல் மூன்றாவது பத்தி பரிவர்த்தனைக் குறியீடு. அங்கே 'பி' (P) என்று இருந்தால் விலை கொடுத்து வாங்கியது. 'ஏ' என்றால் நிறுவனம் சம்பளத்தின் பகுதியாகவோ வெகுமதியாகவோ கொடுத்தது. 'எம்' என்பது பெரும்பாலும் பங்கு விருப்ப உரிமையை, அதாவது முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையை, பயன்படுத்தியது, 'எஃப்' வரிக்காகப் பிடித்துக்கொண்டது, 'எஸ்' விற்றது. என் ஐந்து இயக்குநர்களுக்கும் குறியீடு 'ஏ'. விலைப் பத்தியில் பூஜ்யம். ஒருவர்கூடத் தன் பையிலிருந்து ஒரு காசு போடவில்லை! இதில் ஒரு குழப்பமும் உண்டு, கவனமாகப் பாருங்கள்: நான்காவது பத்தியிலும் ஒரு 'ஏ' வரும். அது பங்கு கைக்கு வந்தது என்பதை மட்டுமே சொல்லும், எப்படி வந்தது என்று சொல்லாது. மூன்றாவது பத்திதான் முக்கியம்.

பிறகு அந்த மருந்து நிறுவனத்தின் ஆண்டறிக்கையை, அதாவது 10-கே படிவத்தை, திறந்தேன். நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான சந்தேகம் இருப்பதாகத் தணிக்கையாளரே எழுதியிருந்தார். கையில் இருக்கும் பணம் ஓராண்டுக்குத் தாங்காது என்று நிர்வாகமும் ஒப்புக்கொண்டிருந்தது. புதுப் பங்கு வெளியிடுவதற்கான எஸ்-3 பதிவும் நான் வாங்குவதற்கு முன்பே தாக்கலாகிக் கிடந்தது. எனக்கு இடி விழுந்த மாதிரி வந்த செய்தி, படித்தவர்களுக்கு எதிர்பார்த்த ஒன்றுதான்.

சேவையிடம் சந்தாப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எங்கள் அறிக்கைகள் கல்வி நோக்கத்துக்கு மட்டும் சார்" என்று ஒரே வரியில் பதில். பிறகு அந்த அறிக்கையை மறுபடி கடைசிவரை படித்தேன். முடிவில், வெளிர் சாம்பல் எழுத்தில், அந்த மருந்து நிறுவனத்தை விளம்பரப்படுத்த அதனிடமிருந்தே பணம் பெற்றதாக ஒரு வரி இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பங்கைப் பற்றி எழுதினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டுப் பத்திரச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதனால்தான் அந்த வரியாவது இருந்தது. இப்போது எந்தப் பரிந்துரை வந்தாலும் அதன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.

இன்னொன்றும் பார்க்கிறேன்: முக்கிய நிகழ்வுகளைச் சொல்ல நிறுவனம் தாக்கல் செய்யும் 8-கே அறிவிப்புகளில் 4.01 என்ற எண் இருந்தால் தணிக்கையாளர் மாறியிருக்கிறார், 4.02 இருந்தால் பழைய கணக்குகளை நம்ப வேண்டாம் என்று நிறுவனமே சொல்கிறது. இரண்டாவதைக் கண்டால் நான் அந்தப் பங்கைத் தொடமாட்டேன்.

அந்தச் சேவையைப் பற்றி ஆணையத்தின் தளத்திலேயே புகார் கொடுத்துவிட்டேன். ஆனால் போன வாரம் அதே மாதிரி அட்டவணை, வேறு நிறுவனத்தின் பெயரில், மறுபடி வந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் இந்த முறையும் 'ஏ'தான். உங்களுக்கும் அது வந்திருந்தால், தயவுசெய்து வாங்குவதற்கு முன் அந்தப் படிவங்களை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.