மொரிஸ் மைனர் 1000: பல வருடம் நின்ற காரின் பிரேக்கைப் புதுப்பித்து ஓட்டிய அனுபவம்

மாமாவின் மொரிஸ் மைனர் என்கிற பழைய பிரித்தானியக் கார், யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் தகரக் கொட்டகைக்குள் பத்து வருடத்துக்கு மேல் நின்றது. அவர் கனடாவுக்குப் போகும்போது மூடி வைத்ததுதான். 2021 தொடக்கத்தில் அதன் பிரேக் முழுவதையும் கழற்றிப் புதுப்பித்தோம். அன்றிலிருந்து சந்தை, பள்ளிக்கூடம், கலியாண வீடு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் என் கார். இடையிடையே மலைநாட்டுக்கும் போய் வந்திருக்கிறது. ஆகவே எந்தச் சாமான் நின்று பிடித்தது, எது கழுத்தறுத்தது என்று இப்போது சொல்லலாம். வேலை முடிந்த கையோடு எழுதுகிற பாராட்டுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. புதிதாகச் செய்த எந்தப் பிரேக்கும் முதல் மாதம் நன்றாகத்தான் பிடிக்கும்.

இந்தக் காரில் எஞ்சின் ஒரு பிரச்சினையே இல்லை. புது பற்றரி, புதுப் பெற்றோல், பொயின்ற் சுத்தம் என்று அரை நாள் வேலையில் அது உயிர் பெற்றுவிடும். அதுதான் ஆபத்தும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இலங்கையில் பழைய கார்களுக்கு மவுசு கூடி, கொட்டகைகளில் கிடந்தவை எல்லாம் வெளியே வந்தன. பெயின்ற் அடித்தார்கள், சீற் தைத்தார்கள். பிரேக் என்றால் மட்டும் 'ஒயில் விட்டால் சரி' என்றார்கள்.

சரியாகாது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பெடலை மிதிக்கும்போது ஒயிலை அமுக்கிச் சக்கரங்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். அதன் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. அந்த வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே போகும். ஓடுகிற காரிலும் இது நடக்கும்தான். ஆனால் நிற்கிற காரில் பிஸ்டன் அசையாது. ரப்பர் வாஷரின் விளிம்பு ஒரே இடத்தில் வருடக் கணக்காக ஒட்டிக் கிடக்கும். அந்த இடத்தில்தான் வார்ப்பிரும்பு துருப்பிடித்துக் குழிவிழும். பிறகு ஒரு நாள் பெடலை மிதித்ததும் வாஷர் அந்தத் துருவின் மேல் உரசிக் கிழிகிறது.

மைனரில் முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று மொத்தம் 6 வீல் சிலிண்டர்கள் (ஒயில் அமுக்கத்தில் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளுபவை). எல்லாம் ஒரே சுற்றில் இணைந்தவை. இப்போதைய கார்களைப் போல இரண்டு தனிச் சுற்றுகள் இல்லை. ஒன்று விட்டுக்கொடுத்தால் நாலு சக்கரமும் போச்சு, கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். சுன்னாகத்தில் எனக்கு வேலை செய்து தந்த அண்ணை, யுத்த காலத்தில் இதே கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர். காரைப் பார்த்ததும் அவர் சொன்னது: "ஆறில ஒண்டுதான் ஒழுகுது எண்டு சொல்லாதை தம்பி. மற்ற அஞ்சும் வரிசையில நிக்குது."

ஆகவே எல்லாவற்றையும் கழற்றினோம். டிரம் (சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் உருளை) கழற்றும்போது உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம். டிரம்மில் உரசிப் பிடிக்கிற பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். இன்னொரு விசயம், ரப்பர் படுகிற எந்த இடத்தையும் பெற்றோலாலோ டீசலாலோ கழுவ விடாதீர்கள். வாஷர் ஊதிப் பெருத்துவிடும். நம் ஊர் கராஜ்களில் கை தானாகவே டீசல் வாளிக்குத்தான் போகும். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிட் அல்லது பிரேக் ஒயிலே போதும்.

மாஸ்டர் சிலிண்டர்தான் பொறுமையைச் சோதிக்கிற இடம். மைனரில் அது பொனற்றுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒயில் பார்க்கவே கம்பளத்தைத் தூக்கி, தகட்டைக் கழற்ற வேண்டும். (இதனால்தான் பலர் பார்ப்பதே இல்லை.) பிடித்திருக்கிற போல்ற்றுகளை உருவப் போனால் முன் சஸ்பென்சனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். அதை இறக்கித்தான் எடுத்தோம். திரும்பப் பூட்டும்போது போல்ற்றுகளை மறுபக்கத்திலிருந்து போட்டார் அண்ணை. அப்போது எனக்கு அதன் அருமை புரியவில்லை. பிறகு ஒரு தடவை சிலிண்டரைக் கழற்ற வேண்டி வந்தபோது அரை மணி நேரத்தில் கையில் வந்துவிட்டது. முழு வேலையிலும் காசில்லாமல் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு வெற்றாட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வராமல், ஒயில் திரும்புகிற சிறு துளையை மூடிக்கொண்டு நிற்கும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் பிரேக் தானாகவே இறுகத் தொடங்கும். ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்தாலும் இதே குணம்தான் காட்டும்; வெளியில் பார்த்தால் ஹோஸ் புதிதுபோல இருக்கும். எங்கள் காரில் வலது முன்சக்கரம் இறுகியதற்குக் காரணம் ஹோஸ்தான். இந்தக் காருக்கு மூன்று ஹோஸ்கள், மூன்றையும் மாற்றிவிட்டோம்.

சிலிண்டர்களில் இரண்டு வழி இருந்தது: பழையதைக் கடைந்து ஸ்டெயின்லெஸ் குழாய் ஏற்றுவது, அல்லது புதிது வாங்குவது. மாஸ்டருக்கும் முன் நாலுக்கும் ஸ்டெயின்லெஸ் ஏற்றினோம். பின் இரண்டின் உடம்பும் வெடித்திருந்ததால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதிது வாங்கினேன். பெட்டி மினுங்கியது. ஒரு வருடம் முடிய முதல் இடது பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தது; கழற்றினால் உள்சுவர் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கீறியிருந்தது. கடைக்காரர் என் ஓட்டத்தைக் குறை சொன்னார். வேறு கடையில் கொஞ்சம் விலை கூட்டி வாங்கிய இரண்டும் இன்றுவரை காய்ந்தே இருக்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஏற்றிய ஐந்திலும் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. பழைய உடம்பு நல்லதாக இருந்தால் கடைவதுதான் என் தெரிவு.

இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போட்டோம். உப்புக்காற்று வீசுகிற யாழ்ப்பாணத்துக்கு அதுதான் தோது. நிறம் கறுத்திருக்கிறது, அரிப்பு இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை. மைனரின் மரைகள் அங்குல அளவு. அதன் 3/8 அங்குல நட்டும் யப்பான் கார்களின் 10 மில்லிமீற்றர் நட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்குல நட்டு 10 மில்லிமீற்றர் துளைக்குள் தொளதொளவென்று போய், இறுக்கும்போது பிடித்த மாதிரி நடித்து, அமுக்கம் வந்ததும் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும்.

ஒயில் விசயத்தில் நண்பர்கள் சிலிக்கோன் வகையான டொட் 5 ஐப் பரிந்துரைத்தார்கள். அது ஈரம் உறிஞ்சாது, பெயின்ற்றையும் அரிக்காது. ஆனால் எப்படியாவது உள்ளே போகிற தண்ணீர் அதில் கலக்காமல், தாழ்வான இடத்தில் தனியாகத் தேங்கி நிற்கும். நடு வழியில் குறைந்தால் பெற்றோல் செற்றில் கிடைக்கிற ஒயிலை அதனோடு கலக்கவும் முடியாது. நான் டொட் 4 தான் விட்டேன். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை; ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, மாரி தொடங்க முதல், முழுதாக மாற்றுகிறேன்.

2022 இல் நாங்கள் கேட்காமலே இன்னொரு சோதனை வந்தது. பெற்றோல் இல்லை. யூலையில் கியூஆர் குறியீடு காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் வாங்குகிற முறை வரும்வரை கார் பெரும்பாலும் வாசலில்தான் நின்றது. அந்த மாதங்களில் எஞ்சினைப் போடாவிட்டாலும், கிழமைக்கு ஒரு தடவை பெடலை நன்றாக மிதித்து விடுவேன். வாஷர் ஒரே இடத்தில் ஒட்டாமல் இருக்க அது போதும். ஹேண்ட் பிரேக் போடவில்லை, ரயருக்குக் கல் வைத்தேன். இழுத்து விட்டிருந்தால் மாரிக்குச் சூ (லைனிங்கைத் தாங்குகிற வளைந்த தகடு) டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். திரும்ப ஓட்டியபோது முதல் சில நிறுத்தங்களில் டிரம்மின் துரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். அதற்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்குப் போய்விட்டது. அந்த வேலையை அந்த வருடம் தொடங்கியிருந்தால் பாதியில் விட்டிருப்பேன்.

இனிப் பிடிப்பைப் பற்றி. மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் இல்லை, அதனால் கால் உழைக்க வேண்டும். யப்பான் கார் ஓட்டிப் பழகியவர்கள் முதல் சந்தியிலேயே பயந்துபோவார்கள். ஆனால் நேராக நிற்கும். வன்னியில் இருட்டில் மாடு குறுக்கே வந்தபோதும் ஒரு பக்கம் இழுக்கவில்லை. சூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய முன்சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர், பின்சக்கரத்துக்கு ஒன்று. சிலர் முன்னால் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். கார் இழுக்கிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். ரிவேசில் பிடிப்புக் குறைவதைப் பழுது என்று நினைக்கவேண்டாம். முன் சூ இரண்டும் முன்னோக்கி ஓடும்போது தானாக இறுகுகிற அமைப்பு. பின்னோக்கி உருண்டால் அந்த உதவி கிடைக்காது. ஏற்றத்தில் பின்னால் எடுக்கும்போது கூடுதலாக மிதிக்க வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கியதுதான் உண்மையான பரீட்சை. இரண்டாம் கியரில் இறக்கி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தும், பாதி வழியில் லைனிங் மணம் வந்தது. பெடல் இறங்கவில்லை, ஆனால் மிதித்த அளவுக்குக் கார் அடங்கவில்லை. டிரம் பிரேக்கின் எல்லை அது. தேநீர்க் கடையில் கொஞ்ச நேரம் நின்று ஆறவிட்டுத்தான் தொடர்ந்தேன். மலைநாட்டில் வசிப்பவர்கள் முன்பக்கத்துக்கு டிஸ்க் மாற்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துத் தட்டைத் தரைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இப்போதைக்கு மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் கேபிள்கள். பழசையே கிரீஸ் போட்டு வைத்திருந்தோம், இடது பக்கம் இழுபட்டு நீண்டுவிட்டது. சுற்று ஒன்றுதான் என்கிற காரில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. புதுக் கேபிளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.