ஐந்து பூட்டு, ஒரு சாவி: என் காரைக்குடி சைட்போர்டு

கோயம்புத்தூரில் இருக்கும் தோழி, காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழைய சைட்போர்டை (சுவரோரம் வைக்கிற, இழுப்பறையும் கதவும் உள்ள நீளமான தாழ்ந்த அலமாரி) பார்த்து வைத்துவிட்டு, "உன்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்கே, வாங்கலாமாடி?" என்று கேட்டாள். இணையத்தில் கிரெடென்சா என்று (இதற்கே இன்னொரு பெயர்) தேடினால் டிவிக்கு, புத்தகத்துக்கு, சாப்பாட்டறைக்கு என்று படங்கள் கொட்டுகின்றன. எல்லாம் அழகுதான். ஆனால் அவள் கேட்டது என் சைட்போர்டின் பூட்டுக்குள் சாவி முறிந்து, ஆசாரியும் பூட்டுக்காரரும் வந்துபோன வாரத்தில். அந்தக் கோபம் இதில் இருக்கும்.

என்னுடையது ஐந்தடி நீளம், மூன்றடி உயரம். மேலே மூன்று இழுப்பறை, கீழே இரண்டு ஜோடிக் கதவு. தேக்கு, அரக்கு பாலிஷ். இந்த வகை எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான், அளவைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. நான் பேச வேண்டியது வேறு: இதில் கைப்பிடியே கிடையாது.

இழுப்பறைக்கும் இல்லை, கதவுக்கும் இல்லை. பித்தளைத் தகடு வைத்த சாவித்துளை மட்டும் இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பி, அந்தச் சாவியையே பிடித்து இழுத்தால்தான் கதவு வரும். இடது கதவு வேண்டுமென்றால் முதலில் வலது கதவைத் திறக்க வேண்டும், பிறகு உள்ளே கையை விட்டு மேலும் கீழும் இருக்கிற சின்னத் தாழ்ப்பாள்களைத் தள்ள வேண்டும். காலையில் பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று எல்லோரும் பறக்கிற நேரத்தில் நாலு தட்டு எடுக்க இத்தனை வேலை. ஒருத்தர் இழுப்பறையைத் திறந்துவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுவிட்டால், அடுத்தவர் கதவருகே நின்று "சாவி எங்கே?" என்று குரல் கொடுப்பார். "பழைய இரும்பு பீரோவே தேவலை" என்று மாமியார் சொல்லாத வாரம் இல்லை. அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

ஐந்து பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்தும் என்று நான் வாங்கிய கடையில் சொன்னார்கள். பொருந்துகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது சாவி இது முன்பு இருந்த வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது, வாங்கித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். அது இன்றுவரை வரவில்லை. காசு வாங்கும்போது இருந்த அக்கறை, சாவி கேட்டுப் போன் செய்யும்போது இல்லை.

இதைச் செய்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் தனி அறை, அதற்குத் தனிப் பூட்டு. சாமான் வைத்த இடமெல்லாம் பூட்டு, சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில். வெள்ளிப் பாத்திரம், ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வாங்கி வந்த பீங்கான், எனாமல் தட்டுகள் எல்லாம் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால்தான் வெளியே வரும். திறப்பவர் ஒருவர், திறப்பதும் எப்போதாவது. அந்த வாழ்க்கைக்குக் கைப்பிடி வேண்டியதில்லை. அப்புறம், இந்த வீடுகளுக்கு வருமானம் தந்த பர்மாவுக்குள் 1942-இல் ஜப்பான் படை நுழைந்தது. 1948-இல் அங்கே நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்தபின் வங்கிகளும் கடைகளும் போயின. வருமானம் நின்று, பங்காளிகள் பெருகி, வீடுகளைப் பிரிக்க ஆரம்பித்ததும் தூணும் கதவும் பீரோவும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்து சேர்ந்தன. சாமான் வந்தது. அதன் சாவி எந்த வீட்டு மாடத்தில் கிடக்கிறதோ!

என் சாவி முறிந்ததற்குக் காரணம் மழை. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் ஊதும், ஆனாலும் ஊதும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் கூடிக் குறையும். சித்திரையில் கதவுக்கும் கதவுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். ஐப்பசி அடைமழையில் சட்டம் அரை நூல் ஊதினாலும் பூட்டின் நாக்கு எதிர்க்கதவின் துளைக்கு நேரே நிற்காது. அழுத்தித் திருப்ப வேண்டும். திருப்பியபின் இறுகிப்போன கதவை அதே சாவியால் இழுக்க வேண்டும். திருப்புவதற்காகச் செய்த சாவி இழுப்பதையும் சேர்த்து எத்தனை காலம் தாங்கும்? கழுத்தில் முறிந்து, பல் உள்ளே நின்றுவிட்டது. கதவு பூட்டியபடி. உள்ளே தட்டு முழுக்க.

ஆசாரி பூட்டைத் தொடவே இல்லை. சைட்போர்டைச் சுவரிலிருந்து நகர்த்தி, முதுகுப் பலகை ஒன்றைக் கழற்றி, அது வழியாகக் கையை விட்டு இடது கதவின் தாழ்ப்பாள்களை விடுவித்தார். இரண்டு கதவும் சேர்ந்தே வெளியே வந்தன. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தயவுசெய்து உளியை வைத்து நெம்பாதீர்கள், பின்பக்கம் போங்கள். அப்புறம் அவர், "ரெண்டு ஓட்டை போட்டுக் குமிழ் வச்சிரலாம்மா, மேக்னட் மாட்டிட்டா பூட்டே வேணாம்" என்றார். எனக்கு வயிறு பதறியது. கதவின் நடுப்பலகை ஒட்டு இல்லாத ஒரே பலகை. ஓட்டை போட்டால் போட்டதுதான். வேண்டாம் என்றேன். இழுப்பறையை வெளியே எடுத்து மூலைப் பொருத்தத்தைப் பார்த்தபின் அவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பலகைகளைக் கோத்த பல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, கையால் அறுத்தது. கதவுப் பலகையும் சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் பசை போட்டு ஒட்டாமல் நிற்கிறது, ஊதவும் சுருங்கவும் இடம் விட்டு. அதனால்தான் இத்தனை கோடைக்குப் பிறகும் ஒரு வெடிப்பு இல்லை.

நியாயமாகச் சொன்னால், பூட்டை விட்டால் இதற்கு ஈடாக எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. இதற்கு முன் இதே சுவரோரம் இருந்த பிளைவுட் டிவி ஸ்டாண்டைக் கறையான் அரித்துத் தள்ளிவிட்டது. எங்கள் செம்மண் பூமியில் அது சாதாரணம். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ச் சத்தைக் கறையான் தொடாது. மரத்தின் வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காவல் கிடையாது. இழுப்பறை ஓடும் கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும், ஒரு விரலுக்கு வரும். தாம்பாளம் படுத்த வாக்கில் உள்ளே போகும். பொங்கலுக்கு மேலே கோலப்பொடி முதல் குத்துவிளக்குவரை பரப்பி வைத்தாலும் இடம் மிச்சம். கால்கள் உயரமாக இருப்பதால் கீழே துடைப்பம் நன்றாகப் போகிறது, ஆத்தங்குடிக் கல் தரை அழுக்கில்லாமல் இருக்கிறது. சூடான பாத்திரத்தை மட்டும் நேராக வைக்கக் கூடாது, அரக்கு பாலிஷில் வெள்ளை வட்டம் விழும்.

இவ்வளவு சொல்லியும் தோழிக்கு நான் சொன்னது, "வாங்காதே" என்றுதான். அவள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான அப்பா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிற பெட்டிக்குக் கைப்பிடி இல்லாதது சின்னக் குறை இல்லை. 1950, 60களில் டென்மார்க்கில் செய்த தேக்கு சைட்போர்டுகளில் தள்ளு கதவும், விரல் நுழையக் குடைந்த பள்ளமும் இருக்கும். பெரும்பாலும் வெனீர்தான் (மேலே ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு), கனமும் குறைவு, ஆனால் செய்தவர்கள் திறப்பவரின் கையை நினைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பில் ஒரு நல்ல ஆசாரியிடம் பழைய தேக்கைக் கொடுத்துச் செய்துகொள் என்றேன். "அப்ப உன்னோடதை எனக்குக் கொடுத்துடேன்" என்றாள். தர மாட்டேன்.

கேட்காமல் வாங்கத்தான் போகிறாள், தெரியும். அதனால் கடையில் பார்க்க வேண்டியதையும் சொல்லி அனுப்பினேன். பர்மா தேக்கு என்ற பேச்சை நம்பி விலை கொடுக்காதே, அங்கே எதைக் கேட்டாலும் பர்மா தேக்கு என்றுதான் சொல்வார்கள். இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்து, மூலைப் பொருத்தத்தின் பல் கையால் அறுத்ததா என்று பார். ஸ்க்ரூ தலையில் ஒற்றைக் கோடா, நட்சத்திரமா என்று பார். நட்சத்திரத் தலை 1930களில்தான் வந்தது, அது இருந்தால் அந்த இடத்தில் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வெள்ளை மரம் கலந்திருக்கிறதா என்று முதுகுப் பக்கம் டார்ச் அடித்துப் பார். கடைசியாக, ஒவ்வொரு பூட்டையும் நீயே திறந்து மூடு. சாவி கைக்கு வந்தபின் மீதிப் பணத்தைக் கொடு, அப்புறம் தருகிறோம் என்றால் விலையில் குறைக்கச் சொல். எனக்குப் புதுச் சாவி ராவித் தர 600 ரூபாய் ஆனது, அதுவும் ஒன்றுக்கு.