மருமகளின் துவக்குக்கு எந்தச் சோங்கு?

ஒன்ராறியோவிலிருந்து ஆவணியில் திருகோணமலைக்கு வந்த மருமகள், எங்கள் தச்சுப் பட்டறைக்குள் நுழைந்ததுமே கேட்டாள்: "மாமா, என்ர துவக்குக்குச் சோங்கு செய்து தருவீங்களா?" சோங்கு என்றால் குழலைத் தாங்கி, தோளில் ஊன்றும் மரப் பகுதி. அவளுடைய துவக்கு, பன்னிரண்டு வயதில் மச்சான் வாங்கிக் கொடுத்த, சின்னத் தோட்டா போடும் சிறார் .22 ரைஃபிள். இப்போது அவள் என்னைவிட உயரம். குழலும் விசையும் நன்றாகத்தான் இருக்கின்றனவாம். சோங்குதான் குட்டை.

முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை அளந்தேன். 13¾ அங்குலம். அவளுடைய சோங்கிலோ விசைக்கும் தோள்முனைக்கும் (தோளில் பதியும் பின்முனை) இடையே 12½ தான். அதனால்தான் முகம் முன்னே தள்ளிப்போய், ஸ்கோப் கண்ணருகே வருகிறது.

மூன்று வழிகள் உண்டு. நான் செய்து கொடுப்பதைத்தான் அவள் விரும்பினாள். நானும் விரும்பினேன். ஆனால் சோங்கின் உட்பள்ளத்தை, அதில் உட்காரும் துவக்கின் இரும்புப் பாகத்தோடு வைத்து வைத்துப் பார்த்துத்தான் குடைய வேண்டும். இரும்பு கனடாவில். இங்கே கொண்டுவருவதும் சின்ன விஷயமில்லை, துவக்குத் திருத்துவதே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற வேலை. மரத்தையும் யோசிக்க வேண்டும். முதிரை அழகு, ஆனால் பாரம். தேக்கு பாரமில்லை, அதன் எண்ணெய்ப் பசையால் பசை ஒட்டுவது கடினம். எதுவானாலும் வறண்ட கச்சான் காற்றில் சுருங்கி, மாரியில் ஊதுவதை எங்கள் கதவுகளிலேயே பார்க்கிறோம். கடற்கரையில் பழகிய மரம், மாரிக்குச் சூடேற்றிய கனடா வீட்டின் வறட்சியில் வளைந்து குழலை நெருக்கினால் குறி தவறும். இந்த ஆசையை மனசில்லாமல்தான் விட்டேன்.

அடுத்தது, பெரியவர்களுக்கான ஆயத்தச் சோங்கு வாங்குவது. பல சிறார் ரைஃபிள்களில் குழலும் சோங்கும்தான் குட்டை, உள்ளே உள்ள இயந்திரம் பெரியவர்களின் மாதிரியேதான். அப்படியானால் இயந்திரத்தைச் சோங்கோடு இறுக்கும் திருகாணிகளின் இடைவெளி பொருந்தும். குழலின் தடிப்பு மாறினால்தான் சிக்கல். பூட்டியபின் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றி ஓட வேண்டும். ருகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் என்ற ரைஃபிள் மாதிரியில் சோங்கின் பின்பகுதியை மட்டும் கழற்றி நீளமானதை மாட்டலாம். அவளுடையது அந்த வகையில்லை.

மூன்றாவது, தோள்முனைக்கும் ரப்பர் தட்டுக்கும் நடுவே துண்டுகள் வைத்து, நீளத் திருகாணியால் இறுக்குவது. .22இன் உதை சிறியது, அதனால் இது தாங்கும். குறை என்னவென்றால், கன்னம் வைக்கும் மேடு உயராது, முன்கைப் பிடியும் நீளாது. கன்னத்துக்கு ஒட்டுமெத்தை போதும். முன்கைப் பிடி குட்டையாகப் படுகிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். சரி, அப்போ இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே மாரியில் தடித்த கோட்டோடு சுடுவாளாம். கோட்டின் தடிப்பும் நீளத்தோடு சேரும், அப்போது 13¾ கூடுதலாகிவிடும். துண்டுகளில் ஒன்றைக் கழற்றினால் சரி. ஒரே நீளமுள்ள ஆயத்தச் சோங்கில் இது நடக்காது.

நீளம் கூடினால் ஸ்கோப்பையும் அதே அளவு பின்னே நகர்த்த வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதைக் கழற்றினாலும், தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்த பிறகுதான் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

தோள்முனையின் வடிவத்தைத் தாளில் வரைந்து அனுப்புவாள். இரண்டு துண்டுகளுக்கான முதிரைப் பலகையை ஏற்கெனவே இழைத்து, உலர வைத்திருக்கிறேன்.