புகைப்படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கடையில் கொடுத்துவிடாதீர்கள்

அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஓர் ஆல்பம் போட வேண்டும் என்று நினைத்து, 2004 முதல் எங்கள் வீட்டில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 11,000 படங்கள் அடங்கிய ஹார்ட் டிஸ்க்கை, திருநெல்வேலியில் நாங்கள் பல வருடங்களாகப் போய்வந்த ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஒரே படம் இரண்டு மூன்று முறை இருந்தால் நீக்கி, வருட வாரியாகப் பிரித்து, பழைய படங்களைச் சரிசெய்து தருவதாகப் பேச்சு. கூலி 6,500 ரூபாய், முன்பணம் 3,000. டிஸ்க்கை இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளாமல் கொடுத்தது என் தவறு. அந்தத் தவறை இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்து டிஸ்க் திரும்பி வந்தது. திறந்தவுடன் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், 2009இல் எடுத்த என் மகளின் முதல் பிறந்தநாள் படம் போன மாதத்துத் தேதியைக் காட்டுவதைக் கவனித்தேன். கேமரா படம் எடுக்கும்போதே எடுத்த நாள், நேரம், கேமராவின் பெயர் ஆகியவற்றை எக்ஸிஃப் என்ற பகுதியில் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. எல்லாப் படங்களையும் மென்பொருளில் மொத்தமாக ஏற்றி, அளவைக் குறைத்து மறுபடி சேமித்தபோது அந்தப் பகுதி முழுவதும் அழிந்துபோயிருந்தது. 4000 பிக்சல் அகலம் இருந்த படங்கள் 1600க்கு இறங்கியிருந்தன. அச்சுக்கு வழக்கமான 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கணக்கில் போட்டால் இது ஐந்தரை அங்குலம்கூட வராது. ஆல்பத்தின் ஒரு பக்கத்தை எப்படி நிரப்பும்? போதாததற்கு, படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான வடிவமான ஜேபெக் கோப்பைத் திருத்தி மறுபடி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நுணுக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோகும். அப்படிக் கழிந்தவை திரும்ப வருவதில்லை.

படங்களை நீக்கியதிலும் இதே அலட்சியம்தான். ஒரே படம் கேமராவிலிருந்து வந்த கோப்பாகவும், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய சுருங்கிய கோப்பாகவும் இருந்த பல இடங்களில், கேமரா கோப்பு போய் வாட்ஸ்அப் கோப்பு மிஞ்சியிருந்தது. தம்பி தன் கேமராவில் எடுத்திருந்த ரா கோப்புகள், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக்கோப்புகள், ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, “அது எதுவும் எங்க சிஸ்டத்துல ஓப்பன் ஆகல சார், அதான் எடுத்துட்டோம்” என்றார்கள்.

இவற்றையெல்லாம்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். ஆச்சியின் படத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதன் அச்சுப் பிரதி ஸ்ரீவைகுண்டத்தில் அத்தை வீட்டில் இருந்து, 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. 2011இல் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்திருந்த கோப்பு மட்டும்தான் மிச்சம். இடது கன்னத்தில் அம்மைத் தழும்பும், பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கும் காதுகளும் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும். ஸ்டுடியோவில் அதைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைத் துலக்கும் ஒரு மென்பொருளில் ஓட்டியிருக்கிறார்கள். தழும்பு இருந்த இடம் வழவழவென்று ஆகி, காது சாதாரண அளவுக்குச் சுருங்கி, பாம்படம் இருந்த இடத்தில் புடவை மடிப்பு மாதிரி ஒரு மங்கல் கோடு மட்டும் இருந்தது. அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்க அம்மா இல்லப்பா” என்றார். இத்தகைய மென்பொருள்கள் மங்கிப்போனதை மீட்பதில்லை. பழக்கப்பட்ட ஆயிரக்கணக்கான முகங்களின் சாயலில் ஊகித்துப் புதிதாக வரைகின்றன. வரைந்த அந்தப் படத்தை, மூலக்கோப்பின் மேலேயே, அதே பெயரில் சேமித்திருந்தார்கள்.

ஸ்டுடியோவில் போய்க் கேட்டபோது, வேலைக்காகத் தங்கள் கணினியில் எடுத்த பிரதியை இடம் போதாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். “படம் முன்னைவிடப் பளிச்சுன்னுதான சார் இருக்கு” என்று உரிமையாளர் சொன்னதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தங்கள் கையில் இருந்தது என்னவென்றே தெரியாமல் வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றதற்குப் பொறுப்பேற்க மறுத்துவிட்டார்கள். என்ன செய்து தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்காததால் என் பக்கம் பேசவும் ஆதாரம் இல்லை. ஆனாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்.

அழிந்த கோப்புகளை மீட்க ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தாலும், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். ஆகவே இப்படி நேர்ந்தால் உடனே டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். அதில் ஒரு கோப்பைக்கூடப் புதிதாகச் சேமிக்கக் கூடாது. எங்களுடையதில் அவர்கள் புதிய படங்களை அதே டிஸ்க்கில்தான் எழுதியிருந்தார்கள் என்றாலும், ஏறத்தாழ 7,000 படங்கள் பழைய அளவிலேயே கிடைத்தன. பெயரும் கோப்புறையும் போயிருந்தன. ஆனால் எக்ஸிஃப் உள்ளேயே இருந்ததால், எக்ஸிஃப்டூல் என்ற இன்னொரு இலவசக் கருவியைக் கொண்டு, எடுத்த தேதியையே பெயராக வைத்து வரிசைப்படுத்த முடிந்தது.

இந்த வேலையை வெளியில் கொடுக்க நினைப்பவர்கள், பிரதியை மட்டும் கொடுங்கள். முதலில் பத்துப் படங்களைச் செய்து தரச் சொல்லி, அவற்றின் தேதியும் பிக்சல் அளவும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றதைக் கொடுங்கள். திருத்திய படம் வேறு பெயரில், வேறு கோப்புறையில் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம்: வகைப்படுத்த டிஜிகாம், திருத்த டார்க்டேபிள் என இரண்டும் இலவசம். டார்க்டேபிள் மூலக்கோப்பைத் தொடாமல், செய்த மாற்றங்களைத் தனியே எழுதி வைக்கும். எப்போது வேண்டுமானாலும் பழைய படத்துக்குத் திரும்பலாம்.

ஆச்சியின் படமும் மீட்கப்பட்டவற்றில் இருந்தது. நெற்றியும் கண்களும் அப்படியே இருக்கின்றன. மூக்குக்குக் கீழே, காதும் கழுத்தும் இருக்க வேண்டிய இடம் முழுவதும் சாம்பல் நிறம். 2011க்குப் பிறகு உறவினர்களில் யாருக்காவது அந்த ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோமா என்று அத்தையும் நானும் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.