வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத டெபிட் கார்டு: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

முதன்முறையாகத் தனியே வெளிநாடு செல்லும் தன் தாயாருக்கு, நான் வைத்திருக்கும் டெபிட் கார்டையே வாங்கித் தரலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தியும் உடனே ‘வாங்குங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்டின் மீது குறை சொல்ல முடியாது. பல வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3 சதவீதம் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும்போது, இதில் அந்தப் பிடித்தமே இல்லை. கார்டு வலையமைப்பின் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை) அன்றைய மாற்று விகிதத்தில்தான் கணக்கில் கழிகிறது. ஏடிஎம் நடத்துபவர் வசூலிக்கும் கட்டணம் தனி. பல இடங்களில் அது எவ்வளவு எடுத்தாலும் ஒரே தொகை என்பதால், 50 எடுக்க 5 கொடுத்தால் 10 சதவீதம் போய்விடும், 250 எடுத்தால் 2 சதவீதத்தோடு முடியும். ஆகவே தேவையானதை ஒரே முறையில் எடுத்துவிடுகிறேன். கிரெடிட் கார்டில் பணம் எடுப்பதை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

என் கோபமெல்லாம் பணம் வருவதற்குச் சற்று முன் தோன்றும் அந்த ஒரு திரையின் மீதுதான். உங்கள் சொந்த நாணயத்திலேயே கழித்துக்கொள்ளலாமா என்று ஏடிஎம் கேட்கும். சம்மதித்தால் கார்டு வலையமைப்பின் விகிதம் போய், ஏடிஎம் நடத்துபவர் வைக்கும் மோசமான விகிதம் வந்துவிடும். ‘ஏற்கிறேன்’ என்பது பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும்; ‘மாற்றம் வேண்டாம்’ என்பது ஓரத்தில் மங்கலாக இருக்கும். மறுத்தால் பணமே வராது என்று தோன்றும்படி வாசகம் அமைந்திருக்கும். உண்மையில் மறுத்தாலும் பணம் வரும், நல்ல விகிதத்தில் வரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் நாணயங்களுக்கிடையே மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில், பின்னால் வரிசை நிற்க, பயணக் களைப்போடு நிற்பவர் சதவீதத்தையா படிப்பார்? இத்தனையும் தெரிந்த நானே ஒருமுறை பச்சையை அழுத்திவிட்டேன். அறைக்கு வந்து ரசீதைக் கணக்கிட்டபோது 9 சதவீதம் போயிருந்தது. கட்டணமே இல்லாத கார்டால் அதில் ஒரு காசைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தத் திரையை வைப்பது என் வங்கி அல்ல என்பது உண்மைதான். ஆனால் கோரிக்கை வெளிநாட்டு இயந்திரத்திலிருந்து வருகிறது, தொகையோ என் நாட்டு நாணயத்தில் இருக்கிறது என்ற இரண்டு தகவல்களும் அனுமதி கேட்கும் அந்த நொடியிலேயே வங்கியின் கையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட கோரிக்கைகளை மறுக்கும் ஒரு விருப்பத்தைச் செயலியில் வைக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். பரிசீலிப்பதாக இரண்டு முறையும் பதில் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

கடைகளில் பிரச்சினை இவ்வளவு இல்லை. உள்ளூர் நாணயத்தில் போடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். ரசீதில் வேறு நாணயம் இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். ஏடிஎம்மில் அப்படி யாரிடமும் கேட்க முடியாது.

எனக்கு இதைவிட நல்ல கார்டு கிடைக்கவில்லை, அடுத்த பயணத்துக்கும் இதையே எடுத்துச் செல்வேன். வேறு கார்டு என்றாலும் இதே திரைதான் வரும், அதன் மேல் கட்டணமும் சேரும் என்பதும் தெரியும். ஆனாலும் நண்பரிடம், அம்மாவுக்கு இது வேண்டாம், கிளம்பும்போதே போதுமான ரொக்கத்தை மாற்றிக் கையில் கொடுத்தனுப்புங்கள் என்றுதான் சொன்னேன்.