பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத கொள்ளுத்தாத்தாவைத் தேட ஓர் இலவசத் தளம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பட்டாளத்துக்குப் போய் உயிரோடு திரும்பி வந்து பென்ஷன் வாங்கிய தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கு இது உதவாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இருப்பது இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் மட்டும்தான், அன்றைய இந்திய ராணுவத்தில் இருந்தவர்களும் அதில் சேர்த்தி. ஆனால் உங்கள் வீட்டிலும் "பஸ்ராவுக்குப் போனார், அப்புறம் தகவலே இல்லை" என்று யாராவது ஒருவர் இருந்தால், நான் பார்த்தவரை இதைவிட நல்ல இடம் கிடையாது. தேடுவதற்குக் காசும் இல்லை.

எங்கள் வீட்டில் தேடியது கொள்ளுத்தாத்தாவின் அண்ணனை. பெயரும் ஊரும் தெரியும், எந்த ரெஜிமென்ட் என்று ஒருவருக்கும் தெரியாது. முக்கால்வாசிக் குடும்பங்களில் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன், பதக்கம் எல்லாம் எப்போதோ காணாமல் போயிருக்கும், ‘பட்டாளத்தார் வீடு’ என்ற பெயர் மட்டும் ஊரில் மிஞ்சியிருக்கும்.

எல்லோரும் செய்கிற மாதிரி நேராகப் பெயரை அடித்துத் தேடினால் நொந்துபோவீர்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் ஒற்றைப் பெயர் பெரும்பாலும் சர்நேம் என்கிற கட்டத்திலேயே போய் உட்கார்ந்திருக்கும், முதல் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அந்தப் பெயரும் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரெஜிமென்ட் குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. ஒரே முனுசாமி ஓரிடத்தில் முனிஸ்வாமி, இன்னோரிடத்தில் மூனசாமி. சரியான எழுத்துக்கூட்டு எது என்று யோசிப்பதில் பலனில்லை.

ஊரைப் பிடியுங்கள். விரிவான தேடலுக்குள் போனால் ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை, என்னைக் கேட்டால் இந்தத் தளத்தின் உயிரே அதுதான். அதில் மாவட்டப் பெயரை அந்தக் கால வெள்ளைக்காரன் எழுதிய மாதிரி ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், அதாவது டிரிச்சினாபோலி, டாஞ்சூர், டின்னவெல்லி (திருநெல்வேலி), சிங்கிள்புட் (செங்கல்பட்டு), நார்த் ஆற்காட். கூடவே இந்திய ராணுவத்தையும், முதல் உலகப் போரையும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் கண்ணால் படித்து முடிக்கிற அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

ஒரு பதிவைத் திறந்தால் பெயர், பதவி, சேவை எண், படைப்பிரிவு, இறந்த தேதி, நினைவுச்சின்னம் எல்லாம் வரிசையாக வரும். அதோடு பல சிப்பாய்களுக்கு ஒரு வரி கூடுதலாக இருக்கும்: இன்னாரின் மகன், இன்ன கிராமம், இன்ன தாலுகா, இன்ன மாவட்டம், மெட்ராஸ். நம் ஊர் இனிஷியலை வைத்துப் பார்த்தால் அப்பா பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அது ஒத்துப்போகிறது என்றால் ஆள் கிடைத்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்ப் பதிவுகள் இன்னும் மேல். பலவற்றில் அம்மா பெயரும் மனைவி பெயரும்கூட உண்டு. பர்மாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்கு ரங்கூன் நினைவுச்சின்னம், அதில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். வம்சாவளி எழுதுகிறவர்களுக்கு ஒரு கொள்ளுப்பாட்டியின் பெயர் ஆங்கில ராணுவத் தாளில் கிடைப்பது சின்ன விஷயமில்லை, நம் வீட்டுப் பெண்கள் பெயர் அந்தக் காலத்து எந்தக் காகிதத்தில்தான் ஏறியது?

சண்டை போட்டவர்களை மட்டும் தேடாதீர்கள். காயப்பட்டவர்களை டூலியில் தூக்கியவர், தண்ணீர் சுமந்தவர், சமையல் செய்தவர், தொழிலாளர் படையில் (லேபர் கோர்) போனவர் எல்லோரும் ‘ஃபாலோயர்’ மாதிரியான பதவிகளில் இருப்பார்கள். வீட்டில் சிப்பாய் என்று சொல்லிக்கொண்டிருப்போம், பதிவில் வேறாக இருக்கும். ரெஜிமென்ட் பெயரை வைத்தும் ஊரை முடிவு செய்ய வேண்டாம், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படையில் இருந்தவர்கள் எல்லோரும் பாளையங்கோட்டைக்காரர்கள் இல்லை.

குறை உண்டா? உண்டு, அது இந்தத் தளத்தைவிட வயதில் மூத்தது. மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்து கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டோருக்கு பஸ்ரா நினைவுச்சின்னம் கட்டியபோது, அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டு இந்தியச் சிப்பாய்களை ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கையாகப் போட்டார்கள். இந்தப் பாகுபாட்டை 2021-ல் ஆணையமே அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. கல்லில் இல்லாத அந்தச் சிப்பாய்களின் பெயர்களைத் தளத்தில் தேட முடிகிறது என்பது ஆறுதல். நம் கிராமங்களிலும் இதே கதைதான், பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ ஒரு பளிங்குக் கல் இருக்கும், இந்த ஊரிலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று. பெயர் ஒன்றுகூட இருக்காது. உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால் இறந்தவர் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போய்த் தளத்தில் ஊர்ப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நல்ல வேலை அது.

காசு கட்டுகிற வம்சாவளித் தளம் ஒன்றிலும் சேர்ந்து பார்த்தேன், பெயர் வேண்டாம். விளம்பரத்தில் ‘பிரிட்டிஷ் இந்தியா ராணுவப் பதிவுகள்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், உள்ளே போனால் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அவர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானமும்தான். தேவாலயப் பதிவேடுகளை நம்பி நிற்கிற எல்லாத் தேடலுக்கும் இந்த வரம்பு உண்டு. கிறிஸ்தவக் குடும்பமென்றால் சந்தா கட்டுவதற்கு முன்னால் சொந்த ஊர்ச் சர்ச்சில் பழைய பதிவேட்டைக் கேளுங்கள்.

படைப்பிரிவு தெரிந்தபிறகு அடுத்த படி, லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் உள்ள போர் நாட்குறிப்புகள். சிப்பாயின் பெயரை அதில் எதிர்பார்க்க வேண்டாம், அவர் இறந்த அன்று அந்தப் படை எங்கே நின்றது என்று படிக்கலாம்.

திரும்பி வந்தவர்களைத் தேடுகிறவர்கள் பொறாமைப்படவும் ஓர் இடம் இருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த முதல் உலகப் போர்ப் பதிவேடுகளை 2021-லிருந்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள், சுமார் 3,20,000 பேர், கிராமம் கிராமமாக, செத்தவர் பிழைத்தவர் எல்லோரும். என்ன செய்ய, அது பஞ்சாபுக்கு மட்டும்தான்.