ஸ்வைப் மெஷின் வாங்கப்போகும் புதிய கடைக்காரர்களுக்கு: கட்டண அட்டவணையைப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்

புதிதாக ஜிஎஸ்டி பதிவு செய்பவர்களுக்கு, சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே ஸ்வைப் மெஷின் முகவர்களின் அழைப்பு வந்துவிடுகிறது. ஈரோட்டில் கடந்த தீபாவளிக்குச் சற்று முன்பு நான் தொடங்கிய சிறிய சேலைக் கடைக்கும் அப்படித்தான் ஒருவர் வந்து சேர்ந்தார். ஐந்தாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குச் சேலை எடுப்பவர்களில் பலர் கிரெடிட் கார்டை நீட்டுவதால், யூபிஐ அட்டையை மட்டும் கல்லாவில் ஒட்டிவைத்து வியாபாரம் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எந்தக் கார்டாக இருந்தாலும் 1.2 சதவீதக் கட்டணம், ஆறு மாதத்துக்கு மெஷின் வாடகை இல்லை, விற்ற பணம் மறுநாளே நடப்புக் கணக்கில் வரும் என்று வழவழப்பான துண்டுத்தாளைக் காட்டிச் சொன்னார்.

ஆவணங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, "எல்லாம் ஃபார்மாலிட்டிதானுங்க அண்ணா, வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றார். அடுத்தடுத்து மூன்று ஓடிபி வந்தன. முதலாவது ஆதார் சரிபார்ப்புக்கு. இரண்டாவது ஒப்பந்தத்தில் மின்னணுக் கையொப்பமிடுவதற்கு. மூன்றாவது என் கணக்கிலிருந்து மாதந்தோறும் மெஷின் நிறுவனமே பணம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் மேண்டேட்டுக்கு. இவற்றைத் தனித்தனியாக விளக்கியிருக்க வேண்டியது அவருடைய கடமை. ஒப்பந்தத்தின் நகலோ, கையொப்பமெல்லாம் முடிந்த பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது. கட்டண அட்டவணை அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அந்த அட்டவணைப்படி கிரெடிட் கார்டுக்குக் கட்டணம் 2.4 சதவீதம், வணிகக் கார்டுகளுக்கும் வெளிநாட்டுக் கார்டுகளுக்கும் அதைவிட அதிகம். 8,500 ரூபாய்க்கு விற்ற ஒரு பட்டுச் சேலைக்கு மறுநாள் கணக்கில் ஏறியது 8,259 ரூபாய் 28 காசு. கட்டணம் 204 ரூபாய், அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய் 72 காசு. முகவர் சொன்ன விகிதம் உண்மையாக இருந்திருந்தால் இதில் சரிபாதிதான் போயிருக்கும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர்கள் இந்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறவும் முடியாது என்பதால், அவர்களுக்கு அதுவும் முழுச் செலவுதான்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. டெபிட் கார்டுக்கு வணிகரிடம் வாங்கும் கட்டணத்துக்கு 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு. முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள வணிகருக்கு ஸ்வைப் மெஷினில் 0.40 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் விற்பவர்களுக்கு 0.90 சதவீதம், 1,000 ரூபாய் வரை. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டணமே இல்லை. என் கடைக்கு முந்தைய நிதியாண்டு என்ற ஒன்றே கிடையாது. இருந்தும் எல்லா டெபிட் கார்டுக்கும், ரூபே உட்பட, 0.90 சதவீதம் பிடித்திருந்தார்கள். கிரெடிட் கார்டுக்கோ அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஒப்பந்தத்தில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் விகிதம். துண்டுத்தாளில் இருப்பதும் வாயால் சொன்னதும் செல்லாது.

வாடகை இல்லை என்ற வாக்குறுதி முதல் மாதமே பொய்த்தது. ஜிஎஸ்டியுடன் 588 ரூபாய் 82 காசு வாடகையாகவும், கார்டு விற்பனை மாதம் 50,000 ரூபாயை எட்டவில்லை என்று தனியாக ஒரு குறைவுக் கட்டணமும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன. மேண்டேட்டில் ஒரு தடவைக்கு எடுக்கக்கூடிய உச்சத்தொகையாக 15,000 ரூபாய் என்று நிரப்பியிருந்தது. ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு எதற்குப் பதினைந்தாயிரத்துக்கு அனுமதி? மேண்டேட்டை ரத்துசெய்ய நிறுவனத்தின் தயவு தேவையில்லை. அதன் தனி அடையாள எண்ணான யூஎம்ஆர்என்னைக் குறிப்பிட்டுக் கணக்குள்ள வங்கிக்கு எழுதிக் கொடுத்தால் போதும். கிளையில் முதலில் "கம்பெனிக்காரங்களைக் கேளுங்க" என்றுதான் சொல்வார்கள்; கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் காசு கரைந்த கதை. உண்மையில் கடையை முடக்கியது தீபாவளிக்கு முந்தைய வார இறுதி. அந்த இரண்டு நாளில் கார்டில் நடந்த விற்பனைப் பணம் முழுவதும் செட்டில்மென்ட் ஆகாமல், அதாவது என் கணக்குக்கு வந்து சேராமல், நின்றுபோனது. காரணம் கேட்டபோது, விண்ணப்பத்தில் மாத விற்பனை 30,000 ரூபாய் என்று இருப்பதாகவும், அதைவிடப் பல மடங்கு விற்றதால் பரிசோதனைக்காக நிறுத்திவைத்திருப்பதாகவும் சொன்னார்கள். அந்த 30,000, சீக்கிரம் ஒப்புதல் வாங்குவதற்காக முகவர் தாமாகவே நிரப்பிய எண். என்னிடம் அவர் கேட்கவே இல்லை. ஜவுளிக் கடை என்று போட வேண்டிய இடத்தில் வேறு தொழில் வகையையும் தேர்ந்தெடுத்திருந்தார். நெசவாளருக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு நாள் குறித்துவிட்டு, விற்ற சரக்கின் பணம் கைக்கு வராமல், கைமாற்று வாங்கித்தான் பண்டிகையை ஒப்பேற்றினேன். முகவரின் எண்ணோ மெஷின் வேலைசெய்யத் தொடங்கிய நாளிலிருந்தே எடுக்கப்படவில்லை.

நிறுவனம் வங்கியைக் கைகாட்டியது, வங்கி நிறுவனத்தைக் கைகாட்டியது. மெஷினுக்குப் பின்னால் கார்டுப் பணத்தைப் பெற்றுத் தரும் வங்கி எது என்பதை ஒப்பந்தத்திலிருந்து தேடியெடுத்து, அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு விற்பனை ரசீதுகளையும், மெஷினில் அச்சாகி வரும் சார்ஜ் ஸ்லிப்களையும் இணைத்து எழுத்தில் புகார் அனுப்பினேன். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் செல்வேன் என்றும் அதில் எழுதினேன். (சார்ஜ் ஸ்லிப்பின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றன்றே படமெடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் யாராவது பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் முறையிட்டாலும் உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.) அதன் பிறகே நிறுத்திவைத்த பணம் வந்தது, டெபிட் கார்டுக்குக் கூடுதலாகப் பிடித்ததும் திரும்பியது. கிரெடிட் கார்டு விகிதத்துக்கு மட்டும், கையொப்பமிட்ட அட்டவணையைச் சுட்டிக்காட்டிக் கைவிரித்துவிட்டார்கள்.

ரிசர்வ் வங்கியிடம் முறையிட வேண்டியவர்கள் 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். நான் இப்போது கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே மெஷின் வாங்கிவிட்டேன். விகிதங்களைக் கிளை மேலாளரிடம் மின்னஞ்சலில் பெற்ற பிறகே விண்ணப்பம் கொடுத்தேன், மாத விற்பனை எண்ணையும் பண்டிகைக் காலத்தை மனதில் வைத்து நானே நிரப்பினேன். பழைய மெஷினை எடுத்துப்போக வந்தவர் ரசீது தர மறுத்ததால், சீரியல் எண்ணுடன் எழுதித் தரும்வரை ஒப்படைப்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்குக் கட்டிய வைப்புத்தொகை இன்னும் வரவில்லை.